31 வால்வு, 31 க்யூஆர்: மடிப்பாக்கம் அடுக்ககம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மடிப்பாக்கத்தில் உள்ள ஓர் அடுக்ககம். கீழே பார்க்கிங், மேலே மூன்று தளம், தளத்துக்கு எட்டாக 24 வீடு. மெட்ரோ தண்ணீருக்கு ஒரு சம்ப் (தரைக்கடித் தொட்டி), போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீருக்கு ஒரு சம்ப், மொட்டை மாடியில் இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி. லாரித் தண்ணீர் இறங்கும் குழாய் மெட்ரோ சம்ப்பில் சேர்கிறது. எல்லாவற்றையும் எண்ணினால் 31 வால்வு.

எந்த வால்வு எந்த வீட்டுக்கு என்பது பழைய வாட்ச்மேன் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அவர் ஊருக்குப் போன பிறகு, டி6 வீட்டில் குழாய் உடைந்தால் பிளம்பர் மாடிக்குப் போய் ஒவ்வொன்றாக மூடிப் பார்க்க வேண்டிய நிலை. "அண்ணா, இது எந்த வீட்டு லைன்?" என்று கேட்டால் புதிய வாட்ச்மேனிடம் பதில் இல்லை. மூடிப் பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. வருடக்கணக்கில் திருகாத கேட் வால்வை வேகமாகத் திருகினால் உள்ளே இருக்கும் தண்டு முறியும். ஒரு வீட்டின் கசிவு அப்படித்தான் மொத்தக் கட்டடத்தின் பிரச்சினையாகிறது.

சங்கம் முடிவு செய்தது இதுதான்: ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் எண், ஒரு க்யூஆர் கோடு. ஃபோனைக் காட்டினால் அது எந்த வீட்டுக்கு, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும், கடைசியாக எப்போது சரிபார்த்தது என்பது தெரிய வேண்டும். முதலில் ஒட்டிய தொகுதி ஒரு கோடையைக்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது தொகுதி நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் மாறியவைதான் இந்த ஆய்வின் பெரும்பகுதி.

எண்ணே போதாதா?

பல இடங்களில் போதும். பெயின்டில் பெரிதாக 7 என்று எழுதி, கீழே ஒரு சார்ட் மாட்டினால் பாதி வேலை முடிந்தது. இந்த அடுக்ககத்திலும் தகடுகளில் முதலில் கண்ணில் படுவது எண்ணும் வீட்டு எண்களும்தான். அந்தச் சின்னத் தகட்டில் இடம் கிடைக்காதவற்றுக்கே க்யூஆர்: புகைப்படம், பராமரிப்புத் தேதி, இந்தியிலும் ஒரு விளக்கம் (காவலுக்கு வருபவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம்), பழுதைப் பதிவு செய்ய ஒரு படிவம். ஃபோன் இல்லாதவரும் சார்ஜ் தீர்ந்தவரும் வால்வை மூட முடியாமல் நிற்கக் கூடாது. இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

முதல் தொகுதியில் என்னென்ன கெட்டது

முதல் கோளாறு, கோடுக்குள் திணித்த நீளம். பெரும்பாலான வால்வுகளுக்குக் கூகுள் படிவத்தின் இணைப்பை, வால்வு எண் முன்கூட்டியே நிரப்பப்பட்ட வடிவில், அப்படியே கோடாக மாற்றினார்கள். அந்த இணைப்பு 130 எழுத்துக்கு மேல் போகும். க்யூஆர் கோடு 21×21 கட்டங்களில் தொடங்கி, தகவல் கூடக்கூடப் பக்கத்துக்கு நான்கு நான்கு கட்டமாக வளர்ந்து 177×177 வரை போகும். 130 சொச்சம் எழுத்துக்கு, நடுத்தரப் பிழைதிருத்தத்தில் (கோடு கொஞ்சம் சிதைந்தாலும் படிக்க உதவும் கூடுதல் தகவல்), 49×49 கட்டம் வந்தது. அதை 2 செ.மீ. அகலத்தில் அச்சிட்டதால் ஒரு கட்டம் 0.4 மி.மீ. வெளிச்சமான ஹாலில் படித்தது. சம்ப் அறை இருட்டில், கைநடுக்கத்தோடு, கேமரா குவியம் தேடிக்கொண்டே இருந்தது.

அடுத்தது குழாய். ஸ்டிக்கரைக் குழாயின் மேலேயே சுற்றி ஒட்டியிருந்தார்கள். 32 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாயின் சுற்றளவு சுமார் 100 மி.மீ. அதில் 25 மி.மீ. அகல ஸ்டிக்கர் கால்வட்டத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது நேராகப் பார்க்கும் கேமராவுக்கு இரு ஓரங்களும் 45 டிகிரி சரிந்து, அங்குள்ள கட்டங்கள் அகலத்தில் முப்பது சதவீதம் சுருங்கித் தெரியும். ஓரங்களில் இருப்பவைதான் முக்கியம். மூன்று மூலைகளிலும் உள்ள பெரிய சதுரங்களை வைத்துத்தான் ஃபோன் கோடைக் கண்டுபிடிக்கிறது. அவற்றின் நடுவே எந்தக் கோணத்தில் நேர்க்கோடு வரைந்தாலும் கருப்பு வெள்ளை அகலம் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும்படி வடிவமைத்திருக்கிறார்கள். வளைவில் அந்த விகிதம் கெடுகிறது.

பிழைதிருத்தம் காப்பாற்றாதா என்று கேட்பார்கள். காப்பாற்றாது. எல், எம், க்யூ, ஹெச் என்று நான்கு நிலை உண்டு. முறையே சுமார் 7, 15, 25, 30 சதவீதம் தகவல் சிதைந்தாலும் மீட்டெடுக்கும். ஆனால் அது உள்ளே இருக்கும் தகவலுக்கு மட்டும். மூலைச் சதுரம் போனால் அங்கே ஒரு கோடு இருப்பதே ஃபோனுக்குத் தெரியாது. ஓரம் கிழிந்த ஸ்டிக்கர், நடுவில் கறைபட்ட ஸ்டிக்கரைவிடச் சீக்கிரம் சாவது இதனால்தான்.

மூன்றாவது, சென்னை வெயிலும் மழையும். வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்த பிரதிகள் மொட்டை மாடியில் அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் வெளிறின. லேமினேட் செய்தவற்றிலும் தண்ணீர் புகுந்தது. காரணம் கத்தரிக்கோல். தாளின் விளிம்போடு ஒட்ட வெட்டிவிட்டால் இரண்டு பிளாஸ்டிக் படலமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள இடமே இல்லை. வெட்டிய வாய் வழியாக ஈரம் தாளில் ஏறும். தாளைச் சுற்றிக் குறைந்தது 5 மி.மீ. வெறும் பிளாஸ்டிக் விட்டிருக்க வேண்டும். பளபளப்பான லேமினேஷனில் இன்னொரு தொல்லை: இருட்டில் டார்ச் அடித்தால் வெளிச்சம் அப்படியே திரும்பிக் கேமரா கண்ணைக் குருடாக்கும்.

கட்டியிருந்த வெள்ளை கேபிள் டைகளும் வெயிலில் மொறுமொறுத்து, தொட்டால் உடைந்தன. மாடியில் கருப்பு நிற, வெயில் தாங்கும் வகைதான் நிற்கும். அதைவிடத் துருப்பிடிக்காத கம்பி மேல்.

நான்காவது கோளாறுதான் முக்கியமானவற்றை ஒரே நாளில் முடக்கியது. சில முக்கிய கோடுகளை, 'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்ற வசதிக்காக, ஓர் இலவச இணையச் சேவையில் உருவாக்கியிருந்தார்கள். அந்த வகை கோடுக்குள் இருப்பது அந்தச் சேவையின் முகவரி. அங்கே போய்த்தான் நம் பக்கத்துக்குத் திருப்பி விடப்படும். சோதனைக் காலம் முடிந்ததும் திருப்பி விடுவது நின்றது. சுவரில் கோடு பளிச்சென்று இருந்தது, ஸ்கேன் செய்தால் பணம் கட்டச் சொல்லும் பக்கம் வந்தது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. க்யூஆர் கோடை உருவாக்க யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹரா தலைமையிலான குழு 1994இல் இதை உருவாக்கியது, கார் உதிரிபாகங்களைக் கண்காணிக்க. காப்புரிமை வைத்திருந்தும் அதைக் காட்டி யாரையும் தடுக்கப்போவதில்லை என்று நிறுவனம் அறிவித்ததால்தான் இது உலகம் முழுக்கப் பரவியது. எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் படும் தொழிற்சாலையை மனதில் வைத்தே பிழைதிருத்தத்தைச் சேர்த்தார்கள். சம்ப் அறைக்கு இது பொருந்துவது தற்செயல் அல்ல. காலாவதியாவது கோடு அல்ல, நடுவில் உட்காரும் சேவை.

இரண்டாவது தொகுதி

சங்கத்தின் பெயரில் ஒரு சிறிய டொமைன் (இணைய முகவரிப் பெயர்) வாங்கினார்கள். நான்கு எழுத்துப் பெயர், '.இன்' என்ற இந்திய முடிவெழுத்து, அதன்பின் சாய்கோடும் வி07 போன்ற வால்வு எண்ணும். முன்னால் வரும் எச்டிடிபிஎஸ்ஸையும் சேர்த்தால் முழு முகவரி 19 எழுத்து. அதை முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் கோடாக்கினார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எண்கள், ஆங்கிலப் பெரிய எழுத்துகள், இடைவெளி, சாய்கோடு, முக்காற்புள்ளி உள்ளிட்ட 45 குறிகளுக்கு மட்டும் க்யூஆரில் ஒரு சிக்கன முறை உண்டு. ஒரு சின்ன எழுத்து நுழைந்தாலும் அந்த எழுத்துகளுக்குச் சிக்கனம் போய்விடும். பெரிய எழுத்தில் வைத்ததால் 19 எழுத்தும் 25×25 கட்டத்தில், அதுவும் உச்சமான ஹெச் பிழைதிருத்தத்தோடு அடங்கியது. முன்பு 49×49!

டொமைன் பெயருக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் கிடையாது. சாய்கோடுக்குப் பின் வரும் பகுதிக்கு இருக்கலாம். ஆகவே தளத்தில் பக்கங்களையும் பெரிய எழுத்துப் பெயரிலேயே வைத்தார்கள்.

அளவுக் கணக்கு இது. கோடு 30 மி.மீ. என்றால் ஒரு கட்டம் 1.2 மி.மீ. சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை விளிம்பு கட்டாயம், அதாவது பக்கத்துக்கு 4.8 மி.மீ. மொத்தம் 40 மி.மீ. வேண்டும். டிசைன் செய்பவர்கள் முதலில் வெட்டுவது இந்த வெள்ளை விளிம்பைத்தான், அழகாக இல்லை என்று, வெட்டினால் படிக்காது. எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வோமோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் என்பது அச்சுத் தொழிலில் கையாளும் கணக்கு. முப்பது சென்டிமீட்டர் தொலைவுக்கு 3 செ.மீ. சரி. கேட்டுக்கு வெளியே இரண்டு மீட்டரிலிருந்து படிக்க வேண்டிய பலகைக்கு 20 செ.மீ. வேண்டும்.

தகடு 6×8 செ.மீ. பெயர்ப் பலகைக் கடைகளில் மிஞ்சும் 3 மி.மீ. ஏசிபி ஷீட் (இரு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக்) துண்டு, அதன்மேல் வினைல் பிரின்ட், அதன்மேல் மேட் லேமினேஷன். வினைல் பிரின்டுக்குச் சதுர அடிக் கணக்கில்தான் வாங்குவார்கள். வெட்ட இடைவெளி விட்டு ஒரு சதுர அடியில் 12 தகடு அடங்கும். 31 தகட்டுக்கு மூன்று சதுர அடி போதும், ஐந்து உதிரியும் கிடைக்கும். இரண்டு ஓட்டை போட்டு, வால்வின் கழுத்தில் கம்பியால் தொங்கவிட்டார்கள். கைப்பிடியில் மட்டும் கட்டக் கூடாது: பிளம்பர் கைப்பிடியை மாற்றும்போது தகடும் குப்பைக்குப் போகும், அல்லது பக்கத்து வால்வுக்குக் குடியேறும். தப்பான தகடு, தகடே இல்லாததைவிட மோசம்.

கடைக்கு ஃபைலை எஸ்விஜி (பெரிதாக்கினாலும் மங்காத பட வடிவம்) அல்லது பிடிஎஃப் வடிவில் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கி, கட்டங்களின் விளிம்பு மங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். நிறத்தில் விளையாட வேண்டாம். வெள்ளைமேல் கருப்பு. மஞ்சள்மேல் பச்சையும் கருப்பின்மேல் வெள்ளையும் சில ஃபோனில் படிக்கும், சிலவற்றில் படிக்காது. நடுவில் சங்கத்தின் சின்னம் வைக்கும் ஆசையும் வேண்டாம். சின்னம் மறைக்கும் இடம் முழுக்கப் பிழைதிருத்தத்தின் கணக்கில்தான் கழிகிறது, கறை படியும்போது கையிருப்பு இருக்காது.

மொத்தமும் அச்சிடும் முன் ஒன்றை மட்டும் எடுத்து, வாட்ச்மேனின் பழைய ஃபோனில், இரவில், டார்ச் வெளிச்சத்தில் படிக்கவைத்துப் பார்த்தார்கள். புதிய ஃபோனில் பகலில் செய்யும் சோதனை எதையும் நிரூபிக்காது.

வி07ஐ ஸ்கேன் செய்தால் வரும் பக்கம் இப்படி இருக்கிறது. மேலே வால்வின் புகைப்படம், கைப்பிடி திரும்ப வேண்டிய திசையில் சிவப்பு அம்பு. 'டி5, டி6 சமையலறை, போர் தண்ணீர். பால் வால்வு. கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது.' அதன்கீழ் இந்தியில் அதே இரண்டு வரி. கடைசியாகத் திருகிப் பார்த்த தேதி. பழுது எழுதும் படிவத்துக்கு ஒரு பொத்தான். அதை அழுத்தினால் வால்வு எண் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். படத்தையும் சேர்த்துப் பக்கம் 100 கேபியைத் தாண்டாதபடி வைத்திருக்கிறார்கள், சம்ப் பக்கம் சிக்னல் மிகக் குறைவு.

சிக்னலே இல்லாவிட்டால்? மெயின் வால்வு, மோட்டார் பேனல் ஆகிய இரண்டுக்கு மட்டும் இணைப்புக்குப் பதில் தமிழ் உரையையே கோடுக்குள் வைத்துப் பார்த்தார்கள். செய்யலாம், ஆனால் தமிழ் இடம் பிடிக்கும். புள்ளி, துணைக்கால், கொம்பு ஒவ்வொன்றும் தனிக் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'தண்ணீர்' என்ற ஒரு சொல்லுக்கே 21 பைட். இப்படி 120 குறிகள் கொண்ட சின்னக் குறிப்புக்கு 360 பைட் ஆகி, எம் நிலையில் 73×73 கட்டம் வந்தது. கட்டத்துக்கு 1 மி.மீ. என்றால் விளிம்போடு 8 செ.மீ.க்கு மேல். இன்னொரு சிக்கல், சில ஃபோன் கேமராக்கள் வெறும் உரையைக் கண்டால் அதை இணையத்தில் தேடப் போய்விடும். கடைசியில் அந்த இரண்டு இடத்திலும் குறிப்பைப் பெரிய எழுத்தில் அச்சிட்டே மாட்டிவிட்டார்கள். அதுதான் சரி.

தண்ணீரைத் தாண்டி

லாரித் தண்ணீர் இறங்கும் குழாயருகே ஒரு கோடு இருக்கிறது. வாட்ச்மேன் ஸ்கேன் செய்து 6000, 9000, 12000 லிட்டரில் ஒன்றைத் தொட்டு, டிடிஎஸ் மீட்டரின் (நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் கருவி) அளவை எழுதி அனுப்புகிறார். நேரம் தானாகப் பதிவாகும். மாதக் கடைசியில் லாரிக்காரர் பில்லோடு ஒப்பிட இதைவிட நல்ல ஆவணம் இல்லை. லாரியின் படத்தையும் எடுத்து அனுப்பச் சொன்னபோது மட்டும் தகராறு வந்தது: கூகுள் படிவத்தில் ஃபைல் ஏற்ற வேண்டுமென்றால் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். படத்தை எடுத்துவிட்டார்கள், பதிவு தொடர்ந்து நடக்கிறது.

வீடுகளுக்குள் போன பயன்களில் மிகச் சிறந்தது கொலுப் பெட்டி. பரணில் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு அட்டைப் பெட்டிகளை நவராத்திரிக்கு இறக்கி, தசாவதார செட்டைத் தேடி எல்லாவற்றையும் பிரிக்கும் வேலை சென்னை வீடுகளில் பலருக்கும் தெரியும். பிரித்துக் கட்டும்போது ஒரு படம்: பெட்டிக்குள் பொம்மைகள் இருக்கும் வரிசை. கொலு வைத்திருக்கும்போது இன்னொரு படம்: எந்தப் படியில் எது. இரண்டையும் ஒரு பகிர்வு ஃபோல்டரில் போட்டு, அதன் இணைப்பைக் கோடாக்கி, பெட்டியின் மேல் மூடியில் ஒட்டாமல் நீளமான பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். பரணில் தெரிவது பக்கவாட்டுதான். மூக்கு உடைந்த பொம்மை, சாயம் போன செட்டியார் என்று குறிப்பும் சேர்த்தால், அடுத்த வருடம் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் வாங்க வேண்டியது என்ன என்பதும் கையில் இருக்கும். வீட்டுக்குள் இருப்பதால் சாதாரண லேசர் பிரின்டே போதும்.

வைஃபை கோடு எல்லாருக்கும் தெரிந்ததே. விருந்தினருக்கென்று தனி நெட்வொர்க்கைத் திறந்து அதற்கு மட்டும் கோடு போடுங்கள். பாஸ்வேர்டில் அரைப்புள்ளி, காற்புள்ளி, முக்காற்புள்ளி வேண்டாம், அந்தக் குறிகளுக்குக் கோடின் அமைப்பில் வேறு வேலை இருக்கிறது. வாசலுக்கு வெளியே ஒட்ட வேண்டாம்.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில், ஃபிரிட்ஜ் கதவில் மருந்துப் பட்டியலுக்கு ஒரு கோடு வைக்க யோசித்தார்கள். 108 ஆம்புலன்ஸில் வருபவர் ஸ்கேன் செய்வார் என்று நம்ப முடியாது. தாளில் எழுதிய பட்டியல் முன்னால், மகனோ மகளோ வெளியூரிலிருந்தே திருத்தும் பக்கத்துக்குக் கோடு அதன் ஓரத்தில் என்று முடிவானது. மருந்து அட்டையிலேயே கோடு இருப்பதையும் அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தார்கள்: 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளில் பார்கோடு அல்லது க்யூஆர் கட்டாயம். காலாவதித் தேதியின் பொடி எழுத்தைப் படிக்கத் தடுமாறுபவருக்கு, ஸ்கேன் செய்தால் அதே தேதி ஃபோனில் பெரிதாகத் தெரியும்.

வண்டிகளில் ஒட்டும் 'வழி மறித்தால் அழைக்கவும்' கோடும், வேப்பமரத்துக்கும் புங்கமரத்துக்கும் பெயர்ப்பலகைக் கோடும் பேசப்பட்டன. முதலாவதில் சொந்த ஃபோன் எண் தெருவுக்குத் தெரிகிறது என்பதால் சங்கத்தின் எண்ணை வைத்தார்கள். இரண்டாவதைக் குழந்தைகளிடம் விட்டார்கள். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் க்யூஆர் பார்த்தே வளர்பவர்கள், வேகமாகச் செய்தார்கள்.

யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்பதுதான் ஆபத்து

க்யூஆர் கோடைக் கண்ணால் பார்த்து அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பராமரிப்புக் கட்டணத்துக்கான யூபிஐ கோடின் மேல் இன்னொரு ஸ்டிக்கரை ஒட்ட ஐந்து நொடி போதும். ஆகவே அது கண்ணாடி போட்ட நோட்டீஸ் போர்டுக்குள் இருக்கிறது, பக்கத்தில் பணம் செலுத்தும்போது திரையில் வர வேண்டிய கணக்குப் பெயர் அச்சிட்டிருக்கிறது. பெயர் மாறி வந்தால் நிறுத்திவிட வேண்டும். பணம் பெற யாரும் பின் நம்பர் போடத் தேவையில்லை. 'ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்' என்று எவர் சொன்னாலும் அது ஏமாற்று. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும்.

வால்வுத் தகட்டை வெளியாள் படம் எடுத்துப் போகலாம். அதனால் பக்கங்களில் வீட்டு எண் மட்டும் இருக்கிறது; உரிமையாளர் பெயர், கைபேசி எண், வீடு பூட்டியிருக்கிறதா என்ற எதுவும் இல்லை. பார்ப்பதற்குத் தடையில்லை, திருத்துவதற்குப் பாஸ்வேர்டு வேண்டும்.

பராமரிப்பு

செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஒருவர் 31 தகட்டையும் ஸ்கேன் செய்துகொண்டே ஒவ்வொரு வால்வையும் மூடித் திறக்கிறார். தகட்டைவிட வால்வுக்கே இது அதிக நன்மை. அசையாத வால்வுதான் இறுகும். திருகிய உடனே அதே பக்கத்தில் தேதியைப் பதிகிறார். மேற்குக் கைப்பிடிச் சுவரோரம் பிற்பகல் வெயில் படும் தகடுகளில் கருப்பு சற்றே பழுப்பாகத் தொடங்கியிருக்கிறது, படிப்பதில் குறை இல்லை. உதிரி ஐந்தும் அவற்றுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள்.

டொமைன் புதுப்பிப்பு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிறது. தவறவிட்டால் 31 தகடும் ஒன்றாகச் செத்துவிடும், பெயரை வேறு யாராவது வாங்கினால் தகடுகள் அவருடைய பக்கத்துக்குப் போகும். முதலில் அது செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. இப்போது சங்கத்தின் பொது மின்னஞ்சலுக்கு மாற்றி, ஐந்து ஆண்டுக்கு முன்பணம் கட்டி, காலாவதித் தேதியை மோட்டார் பேனல் கதவின் உட்புறத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகிகள் மாறும்போது கணக்குப் புத்தகம், வங்கிக் காசோலைப் புத்தகம், மாடிச் சாவி ஆகியவற்றோடு இந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டையும் கைமாற்றிக் கையெழுத்து வாங்குகிறார்கள்.